தத்தெடுத்த நாய்க்கு வேண்டியது அவகாசம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தெரு நாய்கள் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த உத்தரவில், விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெரு நாய்களைத் தத்தெடுத்துக்கொள்ளலாம் என்றும், அப்படி எடுத்த நாய் மீண்டும் தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு என்றும் கூறப்பட்டிருந்தது. அதன் பிறகு கருத்தடை, தடுப்பூசி, காப்பகம், நாய்க்கடி எனப் பல கோணங்களில் செய்திகளும் கட்டுரைகளும் வந்துவிட்டன. ஆனால், வீட்டுக்கு வந்த நாய் அந்த வீட்டிலேயே நிலைத்திருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவாகவே இருக்கிறது. சென்னையில் காப்பக நாய்களுக்கு வீடு தேடித் தரும் பணியில் பல ஆண்டுகளாகத் துணை நிற்பவள் என்ற முறையில் அதைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தத்துக் கொடுத்த பின் திருப்பி அனுப்பப்படும் நாய்களில் பெரும்பாலானவை முதல் சில வாரங்களுக்குள்ளேயே திரும்பி வந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். வருகிறவர்கள் சொல்லும் காரணங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சாப்பிட மறுக்கிறது, கட்டிலுக்கு அடியை விட்டு வெளியே வருவதில்லை, வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறது, குழந்தையைப் பார்த்து உறுமுகிறது என்பார்கள். இவற்றில் எதையும் நாயின் குணக்கேடு என்று சொல்லிவிட முடியாது. பழக்கமில்லாத இடத்தில், பழக்கமில்லாத மனிதர்களுக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்ட ஒரு விலங்கு அஞ்சும்போது எப்படி நடந்துகொள்ளுமோ அப்படித்தான் அவை நடந்துகொள்கின்றன. அந்த அச்சம் தணிவதற்கு வேண்டிய காலத்தை நாம் கொடுக்காமல் இருப்பதே பெரும்பாலான தத்தெடுப்புகள் முறிவதற்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

தெருவில் வளர்ந்த ஒரு நாய்க்கு, நாம் நினைப்பது போல, ஒன்றுமே இல்லாமல் இருந்ததில்லை. எந்தக் கடை வாசலில் எப்போது சோறு கிடைக்கும், எந்த வீட்டுத் திண்ணையில் வெயில் படாது, யார் கல்லெடுப்பார்கள், அடுத்த தெரு நாய்களின் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியும். எதைக் கண்டாவது பயந்தால் அது விலகி ஓட முடியும். மூன்றாவது மாடி வீட்டில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. வழுக்கும் டைல்ஸ் தரை, மேலும் கீழும் நகரும் லிஃப்ட், தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி, குக்கர் விசில், மிக்சி, சாத்திய கதவு ஆகிய அனைத்தும் ஒரே நாளில் அதன்மீது வந்து விழுகின்றன. காப்பகத்திலிருந்து வரும் நாய்க்கோ இரவு பகலாகப் பல நாய்கள் குரைத்த இரைச்சலுக்குப் பின் வரும் அமைதிகூடப் புதியதுதான்.

மீட்புப் பணியில் இருப்பவர்களிடையே மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்றொரு கணக்கு உண்டு. முதல் மூன்று நாள் நாய் திகைத்துப்போய் இருக்கும். மூன்று வாரத்தில் வீட்டின் நேர ஒழுங்கு அதற்குப் பிடிபடத் தொடங்கும். மூன்று மாதத்தில் இது நம் இடம் என்ற நம்பிக்கை வரும். இதை அறிவியல் விதியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே வாரத்தில் மடியில் ஏறிப் படுக்கும் நாயும் உண்டு, ஓராண்டு ஆகியும் விருந்தினரைக் கண்டால் உள்ளறைக்கு ஓடும் நாயும் உண்டு. இருந்தாலும், நான்காம் நாளே "இது நமக்குச் சரிப்படாது" என்று முடிவெடுக்கும் அவசரத்தைத் தடுக்க இந்தக் கணக்கு பெரிதும் உதவுகிறது.

முதல் நாளில் செய்யக் கூடாதவற்றையே நம் மக்கள் ஆசை மிகுதியால் செய்கிறார்கள். வண்டியில் வந்து இறங்கிய நாயை நேரே குளியலறைக்குக் கொண்டுபோவதும், உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் அழைத்து நடுக்கூடத்தில் வைத்துக் காட்டுவதும், ஆளாளுக்குத் தலையைத் தடவிப் படம் எடுப்பதும் அந்த விலங்கை மேலும் கலங்கடிக்கும். உடலில் அழுக்கு இருந்தால் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, குளியலைச் சில நாள் தள்ளிப் போடலாம். அதிகம் நடமாட்டமில்லாத ஒரு மூலையில் பழைய போர்வை, தண்ணீர், மூன்று பக்கமும் மறைவு ஆகியவை இருந்தால் போதுமானது. காப்பகத்தில் அது படுத்திருந்த துணியைக் கேட்டு வாங்கி வந்து போட்டால், தெரிந்த வாசனை ஒன்றாவது அதற்குத் துணையிருக்கும். அந்த மூலைக்குப் போய் யாரும் அதை இழுக்கவோ கொஞ்சவோ கூடாது. அருகில் பக்கவாட்டில் உட்கார்ந்து, கண்ணுக்குள் பார்க்காமல், செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தால், அது தானாக வந்து மோந்து பார்க்கும். அப்போதும் தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாமல் மார்பிலோ கழுத்தின் பக்கத்திலோ மெதுவாகத் தடவுவதே நல்லது.

எல்லாவற்றையும்விட முதல் வாரங்களில் நான் அஞ்சுவது நாய் தப்பி ஓடிவிடுவதைத்தான். பால்காரர் வந்து கதவைத் திறக்கும் நொடியிலோ, நடக்கக் கூட்டிச் செல்லும்போது பேருந்தின் ஹாரன் ஒலித்த நொடியிலோ, அச்சத்தில் பின்னோக்கி இழுத்துக் கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். தன் பழைய தெருவுக்கும் வழி தெரியாமல், புதிய வீட்டுக்கும் வழி தெரியாமல், பிற நாய்களின் எல்லைக்குள் நுழைந்து கடிபட்டும் வாகனத்தில் அடிபட்டும் போகிற நாய்கள் அவை. ஆகவே, மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸும் கழுத்துப் பட்டையும் இரண்டும் போட்டு, கயிற்றை இரண்டிலும் இணைத்துப் பிடிப்பது முதல் மாதங்களில் அவசியம். ஹார்னஸைக்கூட முதலில் வீட்டுக்குள் தின்பண்டம் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிவிட்டே வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். வீட்டாரின் தொலைபேசி எண் பொறித்த வில்லை முதல் மணி நேரத்திலிருந்தே கழுத்தில் இருக்க வேண்டும். சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியிருப்பதை அபராதத்துக்குரிய சுமையாகப் பலர் பார்க்கிறார்கள். காணாமல் போன நாயை யாரேனும் பிடித்துக் கொடுத்தால் அது யாருடையது என்று அறிய அந்தச் சிப்பைப் போல் நம்பகமான அடையாளம் வேறில்லை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிறுநீர் விஷயத்தில் பொறுமை இழப்பவர்கள் மிகுதி. மண்ணிலும் புல்லிலும் பழகிய நாய்க்கு அவைதான் கழிப்பிடம். டைல்ஸ் தரையில் போகக் கூடாது என்பதும் தெரியாது, மாடியிலிருந்து இறங்கினால் மண் கிடைக்கும் என்பதும் தெரியாது. சில நாய்கள் ஒரு பகல் முழுவதும் அடக்கி வைத்திருந்து இரவில் கூடத்தில் விட்டுவிடும். தூங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும், விளையாடி முடித்ததும், படுக்கப் போகும் முன்பும் ஒரே இடத்துக்கு அழைத்துச் சென்று, அங்கே கழித்த உடனே ஒரு துண்டு தின்பண்டம் கொடுத்துப் பாராட்டினால், பெரும்பாலான நாய்கள் சில வாரங்களில் புரிந்துகொள்கின்றன. வீட்டுக்குள் கழித்துவிட்டால் மூக்கை அதில் தேய்ப்பது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது போன்ற பழைய வழக்கங்கள் கொடுமையானவை மட்டுமல்ல, பயனற்றவையும்கூட. அடி வாங்கிய நாய், மனிதர் பார்க்கும் இடத்தில் சிறுநீர் கழிப்பது ஆபத்து என்று கற்றுக்கொண்டு, அடுத்த முறை சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகும். வெளியே நாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்போதும் போகாது. சாதாரணச் சோப்புத் தண்ணீர் அந்த வாசனையை முழுவதும் நீக்குவதில்லை என்பதால், இதற்கென விற்கும் என்சைம் கலந்த துப்புரவுத் திரவத்தால் துடைப்பது நல்லது.

உணவைப் பொறுத்தவரை, முதல் ஓரிரு நாள் வளர்ந்த நாய் சரியாக உண்ணாமல் இருப்பது இயல்பு. குட்டி உண்ணாவிட்டாலோ, எந்த நாயும் தண்ணீர் குடிக்காவிட்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். காப்பகத்தில் உண்ட அதே உணவை முதல் வாரம் தொடர்ந்து, பிறகு சிறிது சிறிதாக மாற்றினால் வயிற்றுப்போக்கு வராது. பால் பல நாய்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. சாக்லேட், திராட்சை, வெங்காயம், வேகவைத்த கோழி எலும்பு ஆகியவை ஒருபோதும் ஆகாது.

உறுமலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் குழந்தைகள் உள்ள வீடுகளில் இதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நாய் எடுத்த எடுப்பில் கடிப்பது அரிது. முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும், வாலைக் காலிடுக்கில் ஒடுக்கும், உடல் விறைத்து அசையாமல் நிற்கும், கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும். இவற்றை நாம் கவனிக்காமல் மேலும் நெருங்கும்போதுதான் உறுமுகிறது. அந்த உறுமல் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. அதற்காக நாயை அடித்தால் அச்சம் அப்படியே இருக்க, எச்சரிக்கை மட்டும் நின்றுபோகும். அப்படிப்பட்ட நாய்தான் பின்னாளில் "திடீரென்று கடித்துவிட்டது" என்ற பெயரை வாங்குகிறது. உறுமினால் விலகி இடம் கொடுத்து, எதற்காக உறுமியது என்று யோசிக்க வேண்டும். உண்ணும்போது தட்டில் கை வைக்கக் கூடாது, உறங்கும்போது தொட்டு எழுப்பக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது என்ற மூன்றையும் குழந்தைகளுக்கு நாய் வருவதற்கு முன்பே சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். சிறு குழந்தையையும் புதிதாக வந்த நாயையும் பெரியவர் துணையின்றி ஓர் அறையில் விட்டுச் செல்வது எந்த நிலையிலும் சரியாகாது.

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடுகளில், இரண்டு நாள் விடுப்பெடுத்து நாயுடனேயே இருந்துவிட்டு, மூன்றாம் நாள் பத்து மணி நேரம் பூட்டிவிட்டுப் போகிறார்கள். அது குரைத்து ஊளையிட்டுக் கதவைப் பிறாண்ட, மாலையில் அடுக்குமாடிச் சங்கத்தின் புகார் காத்திருக்கிறது. வந்த நாளிலிருந்தே சில நிமிடம் வெளியே போய்த் திரும்புவதில் தொடங்கி, படிப்படியாக நேரத்தைக் கூட்டி, போகிறவர் திரும்பி வருவார் என்பதை நாய்க்குப் புரியவைக்க வேண்டும். சங்கங்களும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். செல்லப் பிராணி வளர்ப்பதை முற்றாகத் தடைசெய்யச் சங்கங்களுக்கு அதிகாரமில்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் தெளிவாகவே வழிகாட்டியிருக்கிறது. ஆயினும், அக்கம்பக்கத்தாரின் பயத்தையும் உறக்கத்தையும் மதித்து, புதிய நாய் வந்திருக்கிறது என்று முன்கூட்டியே நேரில் சொல்லிவைக்கும் குடும்பங்களுக்குச் சட்டம் பேச வேண்டிய தேவையே பெரும்பாலும் வருவதில்லை.

மருத்துவத்தில் இரண்டு செய்திகளை மட்டும் குறிப்பிடுகிறேன். தெரு நாயின் காதில் உள்ள சிறு வெட்டு, அதற்குக் கருத்தடை ஆகிவிட்டது என்பதன் அடையாளம். ரேபிஸ் தடுப்பூசி இப்போதும் செல்லுபடியாகிறது என்பதற்கு அது சான்றாகாது. தேதி தெரியாவிட்டால் மீண்டும் போட்டுவிட்டு ஆண்டுதோறும் தொடர வேண்டும். வீட்டில் யாருக்கேனும் பல்லோ நகமோ பட்டுவிட்டால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடுத்தது, நம் ஊர் வெப்பத்தில் ஆண்டு முழுவதும் இருக்கும் உண்ணிகளால் பரவும் காய்ச்சல். நாய் சோர்ந்து, உணவை மறுத்து, ஈறு வெளுத்துக் காணப்பட்டால், புது இடத்து ஏக்கம் என்று தள்ளிவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஏக்கமென்று எண்ணிக் காத்திருந்து இழந்த உயிர்களை நான் அறிவேன்.

இவ்வளவு செய்தும் ஒரு நாய் ஒரு வீட்டுக்குப் பொருந்தாமல் போகலாம். அப்படி நேர்ந்தால் கொடுத்தவர்களிடமே பேசித் திரும்ப ஒப்படைப்பதில் அவமானம் எதுவுமில்லை. இரவோடிரவாக நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போவதுதான் குற்றம். விலங்குகளைக் கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு தண்டிக்கிறது. ஆனால், முதல் முறை செய்தவருக்கு அச்சட்டம் விதிக்கும் அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரைதான். அறுபது ஆண்டுகளைக் கடந்தும் இத்தொகை திருத்தப்படாமல் இருப்பது வேதனை தருகிறது.

தெரு நாய்க் கருத்தடையில் நாட்டுக்கே முன்னோடியாக இருந்தது சென்னை. புளூ கிராஸ் அமைப்பு 1964இல் இங்கே தொடங்கிய முறை, பல பத்தாண்டுகளுக்குப் பின் 2001இல் நாடு முழுமைக்குமான விதிகளாக வந்தது. அந்த நகரம் தத்தெடுப்பிலும் ஒரு நல்ல முறையை வகுக்கலாம். மாநகராட்சியும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் தத்தெடுப்பு முகாம்களில், நாயை ஒப்படைக்கும்போது ஹார்னஸ் ஒன்றையும், முதல் மூன்று மாதங்களுக்கான குறிப்புகளைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளையும் கட்டாயம் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளும், மூன்றாம் வாரமும், மூன்றாம் மாதமும் அந்தக் குடும்பத்தைத் தொலைபேசியில் அழைத்து விசாரிக்க ஒருவரை நியமிக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய சில வாரங்களில் தத்துக் கொடுப்பதை நிறுத்திவைப்பதும் நல்லது, ஏனெனில் வெடிச் சத்தத்துக்கு அஞ்சி ஓடிக் காணாமல் போகும் நாய்களில், புதிதாக ஒரு வீட்டுக்கு வந்தவையே மீண்டும் கண்டுபிடிக்க மிகவும் கடினமானவை. தங்கள் நாளிதழும் தத்துக்குக் காத்திருக்கும் நாய்களின் படங்களை வெளியிடும் நாட்களில், அவற்றின் அருகே இக்குறிப்புகளில் சிலவற்றையேனும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
நங்கநல்லூர், சென்னை.