பொதிகையின் செருப்பு ஆர்க்கிட்

ஆசிரியருக்கு,

அகத்தியமலைப் பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத செருப்பு ஆர்க்கிட், பாபியோபெடிலம் ட்ரூரியை. ஒரு தண்டுக்கு ஒரே பூ. மஞ்சள் இதழ்களின் நடுவே கரும்பழுப்புக் கோடு, கீழே செருப்பின் முனை போன்ற பை. 1865-ல் கர்னல் ட்ரூரி கண்டெடுத்த பிறகு சேகரிப்பாளர்கள் அள்ளிச் சென்றதில் காட்டில் அருகிப் போனது.

பெயர்த்து வந்தால் ஏன் பிழைப்பதில்லை? மற்றப் பல ஆர்க்கிட்களுக்கு உள்ளதுபோல் நீர் சேமிக்கும் குமிழ்த்தண்டு இதற்குக் கிடையாது; வேர் அறுந்தால் வாடத் தொடங்கிவிடும். குருத்தில் தண்ணீர் தேங்கினாலோ அழுகல்! விதையைத் தொட்டியில் தூவியும் பயனில்லை. தூசி போன்ற அதனுள் உணவே இல்லை, உரிய பூஞ்சை சேர்ந்தால்தான் முளைக்கும். ஒரு தளிர் ஒருமுறைதான் பூக்கும் என்பதால் பூவை மட்டும் பறித்தாலும் அந்தத் தளிரின் விதை போயிற்று.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: காட்டில் பிடுங்குவது மட்டுமல்ல, உரிமமின்றி வளர்ப்பதும் விற்பதும்கூட 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இணையத்தில் 'மலை ஆர்க்கிட்' என்று மலிவாக விற்பவரிடம் முதலில் உரிமத்தைக் கேளுங்கள். மலையேறுவோர் படமெடுத்தால், ஜிபிஎஸ் இடக்குறிப்பை நீக்கிவிட்டுப் பகிருங்கள்.

— தாவர ஆர்வலர்கள், அம்பாசமுத்திரம்