டியூபோடு வீட்டுக்கு அனுப்பும்போது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவள் நான். இப்போதெல்லாம் காயம் ஆறும்வரை வார்டில் வைத்திருப்பதில்லை. சிக்கல் இல்லையென்றால் ஓரிரு நாளில் டிஸ்சார்ஜ். அதில் எனக்கு வருத்தமில்லை, வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடிந்தது. என் ஆதங்கம் வேறு. அக்குளுக்குக் கீழே தொங்கும் டியூபையும் பாட்டிலையும் எங்களிடம் ஒப்படைத்துவிட்டு, பில் கட்டுகிற அவசரத்தில் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

மார்பையும் நெறிக்கட்டிகளையும் எடுத்த இடத்தில் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அதை வெளியே இழுக்கத்தான் அந்தப் பாட்டில். அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடினால்தான் உறிஞ்சும். தினமும் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்து எழுதி வைக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் டியூபை எடுப்பார்கள். முதலில் சிவப்பாக வருவது போகப்போக வெளுத்து மஞ்சளாகும். மறுபடி ரத்தமாக வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, காயம் சிவந்து சீழ் வைத்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். இதையெல்லாம் நான் அறிந்துகொண்டது வீட்டுக்கு வந்த பிறகு.

ஓர் இரவு ரத்தக்கட்டி அடைத்து, பாட்டிலில் சொட்டுக்கூட இறங்காமல், கட்டெல்லாம் நனைந்துவிட்டது. மருத்துவமனைக்குப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை. மேலத்தெருவில் இருக்கும் நர்ஸ் அக்கா வந்து டியூபை விரலால் நீவி அடைப்பை எடுத்துவிட்டார். அப்படி ஒரு அக்கா எல்லாத் தெருவிலும் இருப்பாரா?

அப்புறம் கை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் "கையை அசைக்காதே, தையல் பிரிஞ்சிடும்" என்பார்கள். அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பெரும்பாலும் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் படுக்க வேண்டும். அப்போதுதான் தெரியும் அந்த அவதி. டாக்டர் சொன்னபடி மெல்ல மெல்லப் பயிற்சி செய்யத்தான் வேண்டும். மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போவதும் பலருக்கு வருவதுதான். முன்கூட்டி ஒருவர் சொல்லியிருந்தால் நான் அத்தனை பயந்திருக்க மாட்டேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள் என்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. குடம் தூக்குவது, பெரிய குக்கரை இறக்குவது எல்லாம் வேறு யாராவது செய்யட்டும். என் வீட்டுக்காரரும் மருமகளும் செய்தார்கள். பக்கத்துப் படுக்கையில் இருந்த பெண்ணோ, வீட்டுக்குப் போன மறுநாளே அடுப்படியில் நின்றதாகப் போனில் அழுதாள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை தருகிறார்கள். இயன்முறை சிகிச்சையும் உண்டு. டியூபோடு ஊர் திரும்பும் பெண்களின் விவரத்தை மருத்துவமனைகள் அன்றைக்கே அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்தால், கிராம செவிலியர் வந்து பார்த்துவிட முடியும். டிஸ்சார்ஜுக்கு முன்னால் கூட இருப்பவரை நர்ஸ் கண்ணெதிரில் ஒரு முறை பாட்டிலைக் காலி செய்து அளக்க வைக்க வேண்டும். ராத்திரியிலும் எடுக்கும் ஒரு போன் நம்பரை டிஸ்சார்ஜ் சீட்டின் மேலேயே பெரிதாக எழுதித் தர வேண்டும். சுகாதாரத் துறையும் தனியார் மருத்துவமனைகளும் இதைச் செய்ய உங்கள் இதழ் வலியுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவாரூர் மாவட்டம்