தமிழை நிறுத்தச் சொன்ன தெரபி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் குழந்தைகளின் ஆட்டிசம் பற்றி வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். மருமகள் இரண்டு முறை படித்தாள். அறிகுறிகளைச் சொன்ன பகுதி நன்றாகவே இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாதது, பொம்மைக் காரை ஓட்டாமல் அதன் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருப்பது எல்லாம் என் பேரனிடமும் இருந்தன. "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசும். இவன் அப்பனே மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்று சொல்லி ஒரு வருஷத்தை வீணாக்கியவன் நான்தான். ஆகவே அந்தப் பகுதியில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை.

நடத்தைப் பயிற்சி, அதாவது பிள்ளையின் நடத்தையைப் பழக்கி மாற்றுகிற தெரபி, பற்றிய பகுதிதான் என்னை எழுத வைத்தது. வாரம் 40 மணி நேரம் பயிற்சி கொடுத்தால் பாதிக்குப் பாதி குழந்தைகள் மற்ற பிள்ளைகளைப் போல ஆகிவிடுவார்கள் என்று கட்டுரையாளர் போகிற போக்கில் சொல்லிவிட்டார். இதைப் படித்துவிட்டு எத்தனை பேர் நகையை அடகு வைக்கக் கிளம்பினார்களோ தெரியாது. அந்தக் கணக்கு 1987இல் அமெரிக்காவில் ஐவார் லோவாஸ் என்ற உளவியலாளர் வெளியிட்டது. அவரிடம் தீவிரப் பயிற்சி பெற்ற குழந்தைகள் 19 பேர். அவர்களில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பைத் தாண்டினார்கள், நுண்ணறிவுச் சோதனையிலும் சராசரியைத் தொட்டார்கள். எந்தக் குழந்தைக்குத் தீவிரப் பயிற்சி என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யவில்லை. வேண்டாத நடத்தை வந்தால் உரக்க 'நோ' என்பதும், சில சமயம் தொடையில் ஓர் அடி போடுவதும் அந்தப் பயிற்சியில் சேர்த்தி. 40 மணி நேரத்தைச் சொல்கிறவர்கள் ஏனோ அந்த அடியைச் சொல்வதில்லை.

நாங்கள் பெங்களூரு அல்சூரில் நாற்பது வருஷமாக இருக்கிறோம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், மகனுக்கும் மருமகளுக்கும் ஆபீஸில் இங்கிலீஷ். பேரனை முதலில் சேர்த்த தெரபி சென்டரில் 45 நிமிஷ செஷனுக்கு 900 ரூபாய். அங்கே கண்ணைப் பார்த்தால் ஒரு சிப்ஸ் கிடைக்கும். கையை உதறினால் இரண்டு கைகளையும் மேஜையில் அழுத்திப் பிடிப்பார்கள். அப்புறம் எங்களுக்கும் ஓர் உத்தரவு: வீட்டில் தமிழை நிறுத்துங்கள், இரண்டு பாஷை காதில் விழுந்தால் குழம்புவான், பள்ளிக்கூடம் போகப்போவது இங்கிலீஷில்தானே?

என் மனைவிக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'கம்', 'ஈட்', 'நோ'. எட்டு மாதம் இந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டுதான் பேரனோடு இருந்தாள். தாலாட்டு நின்றது. சோறு ஊட்டும்போது காக்கா, நிலா, பக்கத்து வீட்டு நாய் என்று எதையாவது பேசிக்கொண்டே இருப்பவள், வாயை மூடிக்கொண்டு ஊட்டினாள். வீட்டில் பேசாத பிள்ளை ஒன்று இருந்தது போக, பேசாத பாட்டியும் ஒருத்தி ஆனாள்.

இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு பின்தங்குவதில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு மொழி கேட்டு வளர்ந்த குழந்தைகளையும் இரு மொழி கேட்டு வளர்ந்தவர்களையும் ஒப்பிட்டு, கனடாவிலிருந்து 2012இலேயே ஓர் ஆய்வு இதைச் சொல்லியிருக்கிறது. எங்களுக்கு அதைச் சொன்னவர் நாங்கள் இரண்டாவதாகப் போன தெரபிஸ்ட். கன்னடக்காரப் பெண், தமிழ் அரைகுறைதான். சிப்ஸும் எடுக்கவில்லை, கையும் பிடிக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு மூன்று பத்தி பிரிக்கச் சொன்னார். முன்னால் என்ன நடந்தது, பையன் என்ன செய்தான், பின்னால் நீங்கள் என்ன செய்தீர்கள். ஃபாக்டரியில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவனுக்கு இது பிடித்த வேலை. இரண்டு வாரம் விடாமல் எழுதினேன்.

பேரன் சாயங்காலம் ஏழு மணிக்குப் போடும் கத்தலுக்கு முன்னால் தினமும் குக்கர் விசில் இருந்தது. சோமேஸ்வரர் கோயில் பல்லக்கு மேளம் தெருவில் போனால் வேடிக்கை பார்க்கிற பிள்ளைதான். மேளம் தூரத்திலிருந்தே சொல்லிவிட்டு வரும். விசில் சொல்லாமல் வருகிறது. மூன்றாவது பத்தியைப் பார்த்தபோதுதான் எனக்கு வெட்கமாகிவிட்டது. வரிக்கு வரி 'போன் கொடுத்தோம்'. நடத்தைப் பயிற்சி எங்கள் வீட்டில் முன்பே நடந்துகொண்டுதான் இருந்தது, பயிற்சி கொடுத்தவன் அவன்!

தட்டை வீசுவதும் நோட்டில் இருந்தது. எப்போதும் நாலாவது, ஐந்தாவது கவளத்தில். "வயிறு நிறைஞ்சதைச் சொல்ல அவனுக்கு வேற வழி இல்லை. வீட்டில் அதற்கு என்ன சொல்வீங்க?" என்று தெரபிஸ்ட் கேட்டார். "முன்னெல்லாம் 'போதுமா'ன்னு கேட்பேன், இப்போ கேட்கறதில்லை" என்றாள் என் மனைவி. இனிமேல் கேளுங்கள் என்றார். ஒவ்வொரு கவளத்துக்கும் "போதுமா?" என்று கேட்டு, அவன் உள்ளங்கையை விரித்துக் காட்ட வைத்து, காட்டிய உடனே தட்டை எடுத்துவிட வேண்டும். ஒரு பருக்கைகூடக் கூடுதலாகத் திணிக்கக் கூடாது. (பாட்டிகளுக்கு இதுதான் கஷ்டம்.) ஆறு வாரம் கழித்துக் கையோடு சேர்ந்து "போம்" என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு அதுவே போதும் ஆனது. மிக்ஸிக்குப் போதும், முடிவெட்டுக்குப் போதும், கன்னத்தைக் கிள்ளுகிற விருந்தாளிக்குப் போதும். ஒரு நாள் தெரபிஸ்டிடமே "போதும்" என்றான். அவர் "சாக்கா?" (போதுமா?) என்று கன்னடத்தில் கேட்டுச் சிரித்துக்கொண்டே அட்டைகளை எடுத்து வைத்துவிட்டார். பழைய இடமாக இருந்திருந்தால் 'ஒத்துழைக்க மறுக்கிறான்' என்று ரிப்போர்ட்டில் ஏறியிருக்கும்.

இதுவும் நடத்தைப் பயிற்சிதான். அதனால் நான் அதற்கு எதிரி இல்லை. சுவரில் தலையை மோதிக்கொள்வதை நிறுத்தியே ஆக வேண்டும், நிறுத்தினோம். சந்தோஷத்தில் கையை உதறுவதை எதற்கு நிறுத்த வேண்டும்? பஸ்ஸைப் பார்த்தால் இன்னும் உதறுகிறான். யாருக்கு என்ன நஷ்டம்?

இன்னொன்று. மருமகள் வேலைக்குப் போவதால்தான் பிள்ளை இப்படி ஆனான் என்று போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் காதுபடச் சொன்னார்கள். லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை உலகுக்குச் சொன்ன பிறகு, தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று மருத்துவர்களே கொஞ்ச காலம் பேசினார்கள். 1964இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் புத்தகமே எழுதி அதை மறுத்தார். அவரும் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அப்பா. இத்தனை பெரிய கட்டுரையில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று என்பதையும், மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு 40 அம்சங்கள் கொண்ட இந்திய அளவுகோல் இருப்பதையும், ஒரு லட்சம் ரூபாய் வரை தரும் நிராமயா என்ற அரசு மருத்துவக் காப்பீட்டையும் தனிக் கட்டுரையாகப் போட்டால் எங்களைப் போன்றவர்கள் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வோம். அதை எழுதுகிறவர், தெரபி சென்டரில் முதல் நாளே பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வியையும் சேர்த்துவிடட்டும்: "என் பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

இப்படிக்கு,
ஒரு தாத்தா,
அல்சூர், பெங்களூரு

பி.கு.: என் பெயரை அச்சிட வேண்டாம். பேரனிடம் கேட்டுச் சம்மதம் வாங்க இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.