கணினிக்குள் எந்தச் சாலை?

ஆசிரியருக்கு,

சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனைக் கணினியில் ஓட்டிப் பார்த்துத்தான் (சிமுலேஷன்) செய்கிறார்கள் என்றால், தெருமுனை வேகத்தடையில் கார் ஏன் ‘தடால்’ என்று இடிக்கிறது எனப் பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் கணக்கில் பிழை இல்லை. கணக்குக்குக் கொடுத்த சாலைதான் வேறு.

சிமுலேஷனின் முதல் கட்டத்தில் காரின் கால் பங்கை, அதாவது ஒரு சக்கரத்தையும் அதன் மேல் வரும் பாடியையும் மட்டும் எடுப்பார்கள். உதாரணமாக, ஸ்பிரிங்குக்கு மேலே 300 கிலோ, சக்கரப் பக்கம் 40 கிலோ. ஒரு மி.மீ. அமுங்க ஸ்பிரிங்குக்கு 20 நியூட்டன் விசை, டயருக்கு 200 நியூட்டன். இந்த பாடி நொடிக்கு ஏறக்குறைய 1.2 முறை ஆடும். சக்கரம் ஏறக்குறைய 12 முறை துள்ளும். பின்சீட்டில் ஆட்கள் ஏறி அந்தச் சக்கரத்தின் மேல் 100 கிலோ கூடினால், ஸ்பிரிங் 49 மி.மீ. அமுங்கிவிடும். மேடு ஏறும்போது அமுங்க மிச்சம் இடம் இருக்காது. அமுக்கத்தின் எல்லையில் வைத்திருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் முட்டும். ஓட்டுநரை மட்டும் வைத்து சிமுலேஷன் ஓட்டியவருக்கு இது கண்ணில் படாது. டயரை வெறும் ஸ்பிரிங்காக எழுதுவது இன்னொரு தவறு. சக்கரம் தரையை விட்டு எழும்பியபிறகும் கணினி அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். நிஜத்தில் இழுக்க எதுவும் இல்லை.

இனி வேகத்தடை. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 99 விதிப்படி அது வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் அதைக் கடக்க அரை நொடிக்கு மேல் ஆகும். பாடி மெல்ல ஏறி இறங்கும். நம் தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாக முளைப்பவையோ 30 செ.மீ. அகலம்கூட இருப்பதில்லை. அதன் மேல் 13 கி.மீ. வேகத்தில் போனால் கடக்கும் நேரம் 0.083 நொடி. சக்கரம் ஒருமுறை துள்ள எடுக்கும் நேரமும் அதுவே! மேட்டின் தள்ளலும் சக்கரத்தின் துள்ளலும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்கின்றன. மெதுவாகப் போயும் இடிப்பதற்குக் காரணம் இதுதான்.

சாலைத் துறைகள் மேடுபள்ளத்தை அளக்கும் லேசர் வண்டி ஓட்டி வெளியிடும் ஐ.ஆர்.ஐ. (சாலையின் கரடுமுரடைக் காட்டும் சர்வதேசக் குறியீடு) எண்ணும் ஒரு சிமுலேஷனே. 1982-இல் பிரேசிலில் நடந்த சோதனையிலிருந்து பிறந்தது. அளந்த சாலையின் மேல் கால் பங்கு காரை மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கணினியில் ஓட்டிக் கிடைப்பது. நூறு மீட்டருக்கு ஒரு சராசரி எடுத்தால், ஒற்றை மேட்டின் வடிவம் அதில் கரைந்துபோகும். எனவே அந்த எண்ணோடு நிறுத்தாமல், அளந்த மேடுபள்ளத்தையே 5 செ.மீ. இடைவெளியில் பொதுவில் வெளியிட வேண்டும். லேசர் வண்டி நுழையாத தெருக்களில், வேகத்தடையின் அகலத்தையும் உயரத்தையும் டேப் வைத்து அளந்து உள்ளாட்சி அமைப்புகள் பட்டியல் போட்டாலே போதும்.

இப்படிக்கு,
வாகனப் பொறியாளர் ஒருவர், சென்னை