அண்ணா, அந்தக் கண்டம் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது

அன்புள்ள அண்ணா,

போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிட்டு வைத்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். ஓடாது, கண்டம் என்று ஒதுக்கி வேப்ப மரத்தடியில் 7 வருஷமாக நிற்கிற அந்த டாடா 1210 லாரி, போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டார்ட் ஆனது. பக்கத்துக் காட்டில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தா "என்ன சாமி, தீப்புடிச்சுக்கிச்சா" என்று ஓடி வந்துவிட்டது, அவ்வளவு புகை.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சங்ககிரியில் உங்கள் பட்டறைக்கு அந்த வண்டியைக் கொண்டுவந்த அன்று, எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைக் கழற்றி அதன் மேலேயே கவிழ்த்து வைத்தீர்கள். சோறு கொதிக்கிற சட்டியின் தட்டு மாதிரி அது துள்ளியது. "பேக் கம்ப்ரஷன் அடிக்குது, அமுக்குற காத்து கீழே கசியுது, சிலிண்டர் மிஸ்ஸிங் வேற, இழுக்காது. இதைக் கண்டம்னு வெச்சுக்க, சாமானுக்கு ஆகும்" என்றீர்கள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். ஸ்டார்ட்டர், டைனமோ, ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக ஓடுகிற வண்டிக்குப் போய்விட்டது. நாலாம் நம்பர் சிலிண்டருக்கு டீசல் தெளிக்கிற நாசிலையும் கழற்றி அதில் மாட்டினேன்.

இப்போது ஓடுகிற வண்டியின் எஞ்சின் பிளாக்கில் விரிசல் விட்டு ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. வேறு வழியில்லாமல்தான் மரத்தடிக்குப் போனேன். ஏழு வருஷமாகக் கொடுத்த வண்டிக்கு, அதனிடம் வாங்கியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பி மாட்டினேன் அண்ணா, அதைச் செய்யும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

எஞ்சின் இறுகியிருந்தது. காரணம் நான்தான். நாலாம் நம்பர் நாசிலைக் கழற்றிய ஓட்டையில் காட்டன் வேஸ்ட்டைத் திணித்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறேன், ஏழு மழைக்காலத்து ஈரம் அந்த வழியாக இறங்கியிருக்கிறது. வேஸ்ட்டை உருவினால் வெளியே வந்தது துருத்தூளும் குளவி கட்டிய மண்ணும். மண் உள்ளே விழாமல் வளைந்த கம்பியால் நோண்டி நோண்டி எடுக்கவே ஒரு சாயங்காலம் போயிற்று. மற்ற அஞ்சு நாசிலையும் கழற்றி, ஆறு ஓட்டையிலும் டீசலும் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி நாலு நாள் விட்டேன். அப்புறம் கிராங்க் புல்லி நட்டில் பைப் போட்டு அழுத்தினால், ஒரு விரற்கடை நகர்ந்து நின்றது. நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரி அதற்கு மேல் மல்லுக்கட்டவில்லை. பின்னால் ஒரு விரற்கடை, முன்னால் ஒன்றரை, மறுபடி பின்னால். முழுச் சுற்று வர இரண்டு நாள் ஆனது. ராக்கர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வால்வும் இறங்கி மறுபடி ஏறுகிறதா என்று பார்த்தேன். ஒன்று மட்டும் பாதியில் நின்றது, டீசல் ஊற்றி மரச்சுத்தியால் லேசாகத் தட்டத் தட்ட வழிக்கு வந்தது. அதைக் கவனிக்காமல் ஸ்டார்ட்டர் அடித்திருந்தால் வால்வைத் தள்ளுகிற புஷ் ராடு வளைந்திருக்கும்.

பழைய டேங்க்கைத் தொடவே இல்லை, உள்ளே கூழ் மாதிரி கிடக்கிறது. 10 லிட்டர் கேனில் புது டீசல் ஊற்றி டேங்க் பக்கத்திலேயே கீழே வைத்தேன். டீசல் பம்ப்பைப் பற்றித்தான் பயம். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ரேக் முழு டீசலில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்டார்ட் ஆனதும் எஞ்சின் தறிகெட்டு ஓடும், ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் நிற்காது. இதைச் சொல்லி எத்தனை பையன்களைத் திட்டியிருப்பீர்கள். பம்ப்பின் பக்க மூடியைத் திறந்து ரேக் இரண்டு பக்கமும் வழுக்கிப் போகிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்தேன், அப்படியும் நம்பிக்கை வராமல், எஞ்சினுக்குக் காற்று போகிற வாயை அடைக்க அளவாக ஒரு பலகை அறுத்து என் பையன் கையில் கொடுத்து நிற்க வைத்தேன்.

டீசல் லைனில் இருக்கிற ஏர் எடுத்து, நாசில் பைப் நட்டுகளைத் தளர்த்தி, டீசல் வருகிற வரை அடித்து, முறுக்கி, ஸ்டார்ட்டர் கொடுத்தால் நாலைந்து அடி அடித்து நின்றுவிடும். மறுபடி ஏர். மறுபடி நின்றுவிடும். எங்கேயும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அன்றைக்கு ராத்திரி படுத்தவன்தான் யோசித்தேன், இழுக்கிற பக்கத்தில் ஓட்டை இருந்தால் எஞ்சின் சுற்றும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். காலையில் கொத்தனார் லெவல் பார்க்கிற டியூபில் ஒரு முழம் வாங்கி, டீசலை இழுத்துக் கொடுக்கிற ஃபீட் பம்ப் வாசலில், பழைய ஹோஸுக்கு அப்புறமாக இணைத்துப் பார்த்தேன். சோடா பாட்டில் மாதிரி குமிழி ஓடியது அண்ணா! ஹோஸைக் கழற்றினால், கிளிப்புக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி. அந்தக் கம்பியைக் கட்டியது நானில்லை. வண்டியை அன்றைக்கு நம் பட்டறைக்கு ஓட்டி வந்த டிரைவர் கட்டியது, துருப்பிடித்து அப்படியே இருந்தது. அதாவது நீங்கள் ஆயில் மூடியைக் கவிழ்த்துப் பார்த்த நாளிலேயே இந்த எஞ்சின் டீசலோடு காற்றையும் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஹோஸை மாற்றினேன். ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி ஆயில் கேஜ் முள் எழும்புகிற வரை சும்மா சுற்றவிட்டு, அப்புறம் கேபிளை விட்டேன். ஸ்டார்ட் ஆனது. முதலில் வெள்ளைப் புகை, கண் எரிந்தது. வண்டி முழுக்கக் குலுங்கியது. பையன் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான், அது தனிக் கதை.

ஓடவிட்டு, ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்திப் பார்த்தேன், வேலை செய்கிற சிலிண்டர் என்றால் டீசல் நின்றதும் சத்தம் விழ வேண்டும். ஒன்று, சத்தம் விழுந்தது. இரண்டு, ஒரு மாற்றமும் இல்லை. மூன்று விழுந்தது, நாலு மாற்றமில்லை, அஞ்சும் ஆறும் சரி. நாலு துருப்பிடித்த சிலிண்டர், எதிர்பார்த்ததுதான். இரண்டு ஏன்? நாசிலைக் கழற்றிக் கடையில் கொடுத்தால், டெஸ்ட்டில் வைத்து இரண்டு தடவை அழுத்திவிட்டுச் சிரித்தார், பனி மாதிரி பிரிய வேண்டியது சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. நாசிலை மாற்றியதும் இரண்டாம் நம்பர் பிடித்துக்கொண்டது. நாலாம் நம்பரும் இருபது நிமிஷம் சூடான பிறகு மெதுவாகச் சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம் அந்த 697 எஞ்சினின் சத்தம் இருக்கிறதே, சரி, உங்களிடம் போய் அதை விவரிக்கிறேன் பாருங்கள்.

இனி, நீங்கள் சொன்னதில் சரியான பாதிக்கு வருகிறேன். பேக் கம்ப்ரஷன் அடிக்கத்தான் செய்கிறது. மூடி இன்னும் துள்ளுகிறது, முன்னைவிடக் கொஞ்சம் கூடவே. காலையில் ஜில்லென்று இருக்கும்போது சுலபத்தில் எடுப்பதில்லை. காற்றை ஏறக்குறைய 17-இல் ஒரு பங்காக அமுக்கினால்தான் டீசல் பற்றுகிற சூடு வரும், அந்தக் காற்று பிஸ்டன் ரிங் வழியாக ஓடிப்போனால் சூடு எங்கிருந்து வரும். பேட்டரி கொஞ்சம் சோம்பினாலும் தீர்ந்தது, மெதுவாகச் சுற்றச் சுற்றக் காற்று ஓடுவதற்கு நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. ஈதர் ஸ்பிரே அடிக்கச் சொல்லி இங்கே ஒருத்தர் நின்று வற்புறுத்தினார். தேய்ந்த ரிங்கை உடைத்துத் தருவதற்கா என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுக் கம்ப்ரஷன் பார்த்தேன், எல்லாம் ஏறியது, அப்படியென்றால் ரிங்தான் தேய்ந்தது என்று சொல்லத் தோன்றும், ஆனால் டீசல் எஞ்சினில் அதை வைத்து முடிவு சொல்ல முடியாது என்று எனக்கே தெரியும். உள்ளே இருக்கிற இடமே அவ்வளவு கொஞ்சம், ஒரு ஸ்பூன் ஆயிலே பாதிப் பொய் சொல்லிவிடும். ஆயில் பிரஷர் ஆரம்பத்தில் 3 கிலோவுக்கு மேல், ஒரு மணி நேரம் ஓடினபின் ஐட்லிங்கில் ஒரு கிலோகூட நிற்கவில்லை. பேரிங்கும் போயிருக்கிறது.

இப்போது கேள்வி. 6 சிலிண்டர், 97 மில்லி போர், அதாவது சிலிண்டரின் உள் அகலம், அதனால்தான் 697 என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். அந்த 97 இப்போது எவ்வளவாக இருக்கும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். ரிங்கும் பேரிங்கும் மட்டும் போட்டு ஒரு வருஷம் ஓட்டலாமா, இல்லை நாலாம் நம்பர் துருத் தழும்புக்காக சிலிண்டருக்குள் இருக்கிற ஆறு லைனர் குழாயும் மாற்றியே ஆக வேண்டுமா? ஒரு லைனர் மட்டும் மாற்றலாம் என்கிறார் இங்கே ஒரு மேஸ்திரி, எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஹெட்டை நான் தொடவில்லை. நீங்கள் ஓசூரிலிருந்து பொங்கலுக்கு வருவீர்கள் என்று அண்ணி சொன்னார்கள். வரும்போது அந்தப் பச்சைப் பெட்டியில் வைத்திருப்பீர்களே, போர் கேஜ், அதை மறக்காமல் எடுத்து வாருங்கள். ஸ்டார்ட்டரைக் கழற்றாமல் அப்படியே வைத்திருக்கிறேன், முதலில் நீங்களே ஒரு தடவை சாவியைத் திருப்புங்கள், அப்புறம் பிரிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி