என் சிகிச்சைக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் கதிர்வீச்சும் முடிந்து, இனி 5 ஆண்டுகளுக்கு நாள்தோறும், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கட்டியை வளர்க்காமல் தடுக்கும் டாமாக்சிஃபென் மாத்திரை ஒன்று என்ற கட்டத்துக்கு வந்திருக்கிறேன். நேரில் சொல்ல முயன்றபோதெல்லாம் தொண்டை அடைத்துக்கொண்டதால் எழுதுகிறேன்.

முதல் நன்றி, நான் முகமே பார்த்திராத நோயியல் மருத்துவருக்கு. ஊசியால் எடுத்த நூலளவு சதையை மெழுகில் பதித்து, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கும் இல்லாத சீவல்களாக்கிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, கட்டி ஈஸ்ட்ரோஜனால் வளர்வது, புற்றை வேகமாக வளர்க்கும் ஹெர்2 புரதம் மிகாதது என்று அவர் எழுதித் தந்த ஒன்றரைப் பக்கத்தை வைத்துத்தான் என் சிகிச்சை முழுவதும் முடிவாயிற்று. ஊசி பட்டால் புற்று பரவிவிடும் என்று உறவினர் ஒருவர் சொன்னதை நம்பி அந்தப் பரிசோதனையை மூன்று வாரம் தள்ளிப்போட்டவள் நான். அவர் மீது வருத்தமில்லை. என் மீதுதான் இன்னும் கோபம் தீரவில்லை.

கீமோ பிரிவுச் செவிலியருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. டாக்சோரூபிசின் ஏற்றுவதற்கு முன், “இன்னைக்குச் சிறுநீர் சிவப்பாப் போகும்மா, அது மருந்தோட நிறம், ரத்தம் இல்லை” என்று அவர் சொல்லாதிருந்தால் அன்றிரவு நான் அலறியிருப்பேன். வேகமாகப் பெருகும் செல்களையெல்லாம் மருந்து தாக்குவதால்தான் முடியின் வேரும் வாயின் உட்தோலும் எலும்பு மஜ்ஜையும் சேர்ந்து அடிபடுகின்றன என்று அவர் விளக்கியிருந்தபடியால், முடி கொத்துக்கொத்தாக வந்தபோது அழுதேனே தவிர, நோய் முற்றிவிட்டதாக எண்ணவில்லை. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னவரும் அவரே. இரண்டாம் சுற்றின் பத்தாம் நாள் இரவு வெப்பமானி 38.4 காட்டியது, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. அந்த இரவில் தாமதமின்றி ஆன்டிபயாடிக் ஏற்றிய பணி மருத்துவருக்கும் என் நன்றி.

இடப்பக்கக் கட்டி என்பதால், கதிர் இதயத்தைத் தொடாதிருக்க ஒவ்வொரு நாளும் “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று பொறுமையாகச் சொன்ன தொழில்நுட்பருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

கடைசியாக, என் தங்கைக்கு. மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள், அவர் சொன்ன பதில்கள், வேளாவேளைக்குப் பார்த்த காய்ச்சல் அளவு என எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தாள். இப்போது அதை என்னிடம் கொடு என்றால், அடுத்த மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) தேதி இதில்தான் இருக்கிறது என்று தர மறுக்கிறாள்.

நன்றியுடன்,
உங்களால் நலம்பெற்று வரும் ஒருத்தி