அந்த 70 சதவீதம்

அன்புள்ள வசந்தி,

பேரன் பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பெயர் வைத்ததும் எழுது. நான் நவம்பரில் ஓய்வு பெறுகிறேன். அதற்குள் என்னிடம் இருக்கும் இரண்டு பேரையும் வைவா வரை கொண்டுவந்துவிட வேண்டும். முழங்கால் வலி அப்படியேதான்.

உன் பிஎச்டி ஸ்காலர் விஷயம். அவளுடைய ஆய்வேட்டின் மூன்றாம் இயலை, ஏஐ எழுத்தைக் கண்டறியும் மென்பொருளில் போட்டால் 70 சதவீதம் ஏஐ எழுதியது என்று வருகிறது, கமிட்டிக்கு அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். அனுப்பாதேடி. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இந்த மாதிரிக் கருவிகள் ஏழைச் சோதித்தார்கள். டோஃபல் என்பது ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு. அதற்கு மனிதர்களே எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேலானவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லிவிட்டன. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அந்தக் கருவிகள் அநேகமாகத் தப்பே செய்யவில்லை. அடுத்த சொல்லை எளிதில் ஊகிக்க முடிந்தால் அது இயந்திர நடை, அதுதான் அவற்றின் கணக்கு. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தைப் பயந்து பயந்து, பழகிய சொற்களை வைத்துத்தானே எழுதுகிறார்கள்? மாட்டாமல் என்ன செய்வார்கள்? சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே, துல்லியம் போதவில்லை என்று தன் கண்டறியும் கருவியை அதே வருடம் ஜூலையில் எடுத்துவிட்டது.

கமிட்டியில் யாராவது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 10 சதவீத விதியை இழுப்பார்கள். அந்த 2018 விதி ஒப்புமை பற்றியது, அதாவது ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது. எந்த வரி எந்த நூலில் இருக்கிறது என்று நாமே திறந்து பார்த்துக்கொள்ளலாம். இந்த 70-ல் திறந்து பார்க்க என்ன இருக்கிறது?

அவள் ஏஐயைப் பயன்படுத்தியே இருக்கலாம். நேராகக் கேள். ஆங்கிலத்தைத் திருத்த மட்டும் என்றால் குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. எந்தக் கருவி, எதற்கு என்று முறையியலில் எழுதச் சொல். நேச்சர் என்ற அறிவியல் இதழும் 2023 ஜனவரியிலேயே இதைத்தான் கேட்டது. கருவியை ஆசிரியராகப் போடக் கூடாது என்றும் சொன்னது. தப்பு வந்தால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே.

எனக்குப் பயம் மேற்கோள் பட்டியல்தான். ஏஐ கொடுக்கும் மேற்கோளில் ஆசிரியர் பெயர் நிஜமாக இருக்கும், இதழ் நிஜமாக இருக்கும், கட்டுரை மட்டும் இருக்காது. நான் பட்டியலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டு, "இந்தக் கட்டுரையைக் கொண்டுவா, நீ எடுத்த பக்கத்தைக் காட்டு" என்பேன். படித்தவள் நேரே அந்தப் பக்கத்துக்குப் போய்விடுவாள். கருவியிடமே "இது நிஜமா" என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. நியூயார்க்கில் ஒரு வழக்கறிஞர் அப்படிக் கேட்டு, ஆமாம் என்ற பதிலை நம்பி, இல்லாத தீர்ப்புகளைக் கோர்ட்டில் கொடுத்தார். 2023-ல் 5,000 டாலர் அபராதம்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. வெளியிலிருந்து மதிப்பீட்டுக்கு வரும் ஆய்வேடுகளை சாட்ஜிபிடியில் ஏற்றிச் சுருக்கம் வாங்குகிறேன் என்று போனில் சொன்னாயே, எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. இன்னும் வெளிவராத வேலை, யாரோ ஒரு பிள்ளையின் தரவு. நம்மை நம்பிக் கொடுத்ததை வெளியில் ஏற்றலாமா? அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் (என்ஐஎச்) தன் மதிப்பீட்டாளர்களுக்கு இதை 2023-லேயே தடை செய்துவிட்டது. இந்தப் பெண்ணை விசாரிக்க உட்காருமுன் நீ அதை நிறுத்து.

கூட்டம் என்றைக்கு என்று எழுது. ஸ்டான்ஃபோர்டு கட்டுரையை அனுப்புகிறேன், பிரிண்ட் எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
மீனா